நண்டோட்டுக் கஞ்சி

மனித குலத்தின் அறியாமையை அகற்றவே நான் உத்திரமேரூருக்கு வந்தேன், இன்ஸ்பெக்டர் ஐயா. வந்த வாரமே ஊர் என்னை ஒதுக்கிவிட்டது. நண்டு ஓடுகளைக் காயவைத்த நாற்றம் அப்படி. டீக்கடையில் நான் உட்கார்ந்தால் பெஞ்சு முழுவதையும் எனக்கே விட்டுவிடுவார்கள். முதலில் அதை மரியாதை என்று எண்ணிக்கொண்டேன்.

வயல் நண்டின் ஓட்டைச் சோடாக் காரத்தில் வேகவைத்து, பிறகு வினிகரில் கரைத்தால் கெட்டியான கஞ்சி கிடைக்கும். கண்ணுக்குத் தெரியாத நீள இழைகள் பின்னிக் கிடப்பதால்தான் அந்தக் கெட்டி. கதிரியக்கக் கோபால்ட்டின் கதிர் பட்டால் இழை அறுந்து கஞ்சி நீர்த்துப்போகும். அதை நிரூபிக்கத்தான், முன்பு வேலை பார்த்த ஆய்வுக்கூடத்திலிருந்து கோபால்ட் துண்டொன்றை ஈயப் பெட்டியோடு சொல்லாமல் எடுத்து வந்திருந்தேன்.

நண்டு கொண்டுவந்தவன் மாசி. ஏரிக்கரையில் இருளர் குடிசைகளில் இருந்தவன். வளையில் கைவிட்டு நண்டு பிடிக்கிறவனுக்கு நாற்றம் ஒரு பொருட்டா? என்னோடு பேசிய ஒரே ஆள் அவன்தான்.

"சதைய எங்களாண்ட குட்த்துட்டு ஓட்ட வேவ வெச்சிக்கினு கீறியே சாமி, உனுக்கு ஆக்கவே தெரியாதா?" என்பான். நான் சிரித்து வெகுநாளாகியிருந்தது.

ஆனால் நண்டைக் கொட்டியதும் போய்விடுவான். அதனால் கொல்லையில் பெட்டியின் கதவைத் திறந்து, சட்டியை அதன் முன்னால் வைத்து, நாய் வாய்வைக்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். சட்டியை அணைத்தபடி உட்கார்ந்திருப்பான். கெட்டிச் சுவருக்கு இப்பாலிருந்து நான் பேசுவேன். பகலெல்லாம் பேசினோம். என் வாழ்வின் நல்ல நாட்கள் அவை.

அவன் கை சிவந்தது. பிறகு தோல் உரிந்தது. அவன் மனைவி சின்னபொண்ணு வந்து நின்றாள்.

"வெந்தாப்புல கீது சாமி. அடுப்பாண்டகூட போவல. அந்தப் பொட்டியில இன்னா கீது?"

"நண்டு கடித்திருக்கும்" என்றேன்.

"நண்டு கட்ச்சத நீ எங்களுக்குச் சொல்றியா?"

உண்மையைச் சொல்லியிருந்தால் மறுநாள் அவன் வந்திருக்க மாட்டான். மற்றபடி கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்தான். முடி கொட்டிய பிறகும் வந்தான்.

ஆடி பிறக்குமுன் செத்துப்போனான். கொன்றவன் நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். விஞ்ஞானத்துக்காக என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அவன் காத்த சட்டியில் கஞ்சி தண்ணீராகியிருந்தது.

ஒப்பிட்டுப் பார்க்க, கதிர் படாத சட்டி ஒன்றைச் சமையலறையில் மூடி வைத்திருந்தேன். நேற்றுத்தான் திறந்தேன். அதுவும் தண்ணீராகத்தான் இருந்தது. வினிகர் அதிகம்.