தன் மிக்காடோ எஞ்சினைத் தனியே மலையேற்றப் போகும் வெர்ன் ஸ்டாம்பா அவர்களுக்கு

நீரும் நெருப்பும் நிலக்கரியும் கூடி ஒரு கண்டத்தையே கட்டி இழுத்த நீராவிப் பெருங்காலம் மாண்டுபோனது என்று எவர் சொன்னார்! மாளவில்லை. பென்சில்வேனியாவில், எங்கள் லூத்தரன் தேவாலயத்தின் நிலவறையில், கழிவறைக்கும் மடக்கு நாற்காலிகளுக்கும் நடுவே, ஒட்டுப்பலகை மேசைமேல் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை ஓட்டிய ஒப்பற்றவரே! தண்டவாளத் தவசியே! மில்க்ரீக் பொம்மை ரயில் கழகத்தின் மாண்புமிகு கண்காணிப்பாளரே!

வெளியே எந்த ஆண்டு நடந்தாலும், இந்தப் படியிறங்கினால் 1951 அக்டோபர், நீராவி எஞ்சின் மட்டுமே ஓடும் என்று சட்டம் செய்தீர்கள். பொம்மை டீசல் எஞ்சினோடு சேர வந்த பல் டாக்டரை, "அந்தத் தகர டப்பாவ கார்லயே வெச்சுட்டு வாங்க டாக்டர், நீங்க மட்டும் வந்தா போதும்" என்று வாசலிலேயே வரவேற்ற தங்கள் பண்பை என்னென்போம்! முதலில் ஜப்பானுக்காகச் செய்யப்பட்டதால் மிக்காடோ என்று பெயர் பெற்ற எஞ்சினுக்கு, போர் வந்ததும் ஓர் அமெரிக்கத் தளபதியின் பெயரைச் சூட்டிய வரலாற்றைத் தாங்கள் விரிக்க விரிக்க, எத்தனை கோப்பைக் காபி ஆறியது!

ஆனாலும் ஐயா, தாங்கள் வாயாலேயே சங்கு ஊதுவீர்களே, இரண்டு நெடில், ஒரு குறில், மறுபடி ஒரு நெடில். அப்போது எங்களில் சிரித்தவர் எவருமில்லை. கரிப்புகை வருகிறதென்று கொடியில் காயும் துணியை அள்ள ஓடிய அம்மாக்கள் எங்களுக்கும் இருந்தார்கள். டீசல் வந்தது, துணி வெளுத்தது, எஞ்சின் பட்டறை மூடியது, அப்பாக்கள் பகலிலும் வீட்டில் இருந்தார்கள். அந்த ஊரை எங்களுக்கு ஒவ்வொரு வியாழனும் திருப்பித் தந்தவர் தாங்கள்.

நாளை அரிசோனாவுக்குக் குடிபெயரும் தாங்கள், சென்ற வாரம் தங்கள் பித்தளை மிக்காடோவைத் தடவிக்கொண்டே சொன்னீர்கள்: "கடைசி நாள் பின்னாடி பெட்டியெல்லாம் கோக்க வேண்டாம்ப்பா. இவ தன்னந்தனியா மலையேறணும். அத ஒரு தடவ பாத்துட்டா நிம்மதியா கிளம்பிடுவேன்."

அன்றிலிருந்து பழுதுபார்ப்பவர் டுவைட்டுக்குச் சோறிறங்கவில்லை. தங்கள் துணைவியார் ஆர்லீனிடம் ஓடினார். "நீங்களே சொல்லிடுங்கம்மா."

"நான் சொன்னா, உனக்கு எஞ்சினப் பத்தி என்ன தெரியும்பாரு. மடல் எழுதறீங்கல்ல? அதுல போட்டுடுங்க. எழுத்துல இருந்தா நம்புவாரு."

பாலைவெயில் தங்கள் மூட்டுவலியைப் போக்குக! பல்லாண்டு நடந்து, பார்த்தவரிடமெல்லாம் மிக்காடோ கதை சொல்லி, கேட்டவர் எழுந்து ஓடாத பெருவாழ்வு வாழ்க!

அன்பும் அச்சமும் கலந்து,
கழக உறுப்பினர்கள்

இம்மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும்போது இதற்குக் கீழே உள்ளதை மடித்துவிடலாம். இப்போது மட்டும் உரக்கப் படிக்கிறோம். தயவுசெய்து பெட்டியைக் கழற்ற வேண்டாம். தாங்கள் இடுப்பு அறுவைக்குப் படுத்திருந்தபோது, மிக்காடோவின் மோட்டார், தாங்கள் ஆசையாக ஊற்றி வந்த எண்ணெயில் ஊறிக் கருகிப் போயிருந்தது. ஆர்லீன் சொல்லித்தான் டுவைட் அதைக் கழற்றி எடுத்துவிட்டார். அன்று முதல், பின்னால் வரும் முதல் நிலக்கரிச் சரக்குப் பெட்டிக்குள் இருக்கும் பொம்மை டீசல் எஞ்சினின் மோட்டார்தான் மிக்காடோவைத் தள்ளிக்கொண்டிருக்கிறது.