பச்சைக் கொடி காட்டினது ஆர்?

வெள்ளிக்கிழமை சந்நிதி முருகனைக் கும்பிடத் தொண்டைமானாறு பஸ்ஸில் போனேன். முன் சீற்றில் இருந்த இருவரும் ரெயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள் என்பது பேச்சில் தெரிந்தது. ஒருவர் எஞ்சின் ட்ரைவர். மற்றவர் ஸ்டேஷன் யாட்டில் எஞ்சினுக்குக் கொடி காட்டிப் பெட்டிகளைக் கொழுவி விட்டவர். கொடிக்காரருடைய மனைவி அர்ச்சனைச் சாமான் பையோடு பக்கத்தில் இருந்தார்.

"பெட்டியிலை எஞ்சினை மெல்ல முட்டத் தெரியாத ஆளின்ரை வீட்டுக்கு என்ரை பிள்ளையைக் குடுக்கமாட்டன் அண்ணை," என்றார் கொடிக்காரர்.

"என்ரை மோன் எஞ்சினே ஓட்டேல்லை, தம்பி. அவன் வாத்தி."

"ரத்தம் ஒண்டுதானே! மெல்ல வாங்கோ எண்டு நான் கொடியை ஆட்ட ஆட்ட நீங்கள் இடிச்ச இடியிலை, கடைசிப் பெட்டியிலை தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருந்த ரெயில் கார்ட்டின்ரை பொய்ப்பல்லு தண்டவாளத்திலை கிடந்தது."

"பல்லு உடையேல்லைத்தானே? நீர் பச்சைக் கொடி காட்டாமல் நான் ஒருநாளும் எஞ்சினை அசைச்சதில்லை."

"அது உண்மை. இப்பவும் நான் காட்டேல்லை. சந்நிதியானே வந்து சொன்னாலும் சிவப்புத்தான்."

நான் முருகா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"இஞ்சருங்கோ, சத்தம் போடாதேங்கோ," என்றார் அந்த அம்மா. "பிள்ளையள் ரண்டுக்கும் போன கிழமையே பதிவுக் கந்தோரிலை கலியாண எழுத்து முடிஞ்சுது. இண்டைக்கு அர்ச்சனை அதுக்குத்தான்."

இருவரும் அம்மாவின் பக்கம் திரும்பினார்கள்.

"அப்ப பச்சைக் கொடி காட்டினது ஆர்?" என்று கேட்டார் கொடிக்காரர்.

"நான்தான். உங்கடை கொடியைப் பாத்துக்கொண்டு நிண்டிருந்தால் பெட்டை கிழவியாயிருப்பாள். பையைத் தூக்குங்கோ, இறங்குவம்."