உயிர்ச்சூட்டில் எடுத்த முத்து

உங்கள் ஸ்டேஷனில் இந்த நாற்காலிக்கு ஒரு கால் கொஞ்சம் குட்டை, மேடம். ஒரு அட்டையை நாலாக மடித்து அடியில் செருகினால் சரியாகிவிடும். சொல்ல வேண்டாமென்றுதான் இருந்தேன். ஆனால் சமமில்லாமல் எது இருந்தாலும் எனக்கு ஆகாது. இருபத்தாறு வருடமாகப் பல் செட் செய்கிறேன். மேல்வரிசையும் கீழ்வரிசையும் ஒரு தலைமுடி அளவு பிசகினால்கூட, போட்டுக்கொள்கிறவருக்குச் சாப்பாடு இறங்காது.

அக்கா எப்படிச் செத்தாள் என்பதுதான் உங்களுக்கு வேண்டும், தெரிகிறது. மறைக்கப் போவதில்லை. ஆனால் முதலில் பன்றியைச் சொன்னால்தான் அக்கா புரியும்.

என் தொழிலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் பசையை வைத்து அச்சு எடுத்து எனக்கு அனுப்புவார்கள். கழுவி அனுப்ப வேண்டும் என்பது விதி. எவரும் கழுவ மாட்டார்கள். எச்சில், ரத்தம், காலையில் தின்றதன் துணுக்கு எல்லாம் அதிலேயே ஒட்டிக்கொண்டு வரும். ஊரே தன் வாயை டப்பாவில் போட்டு என் மேசைக்கு அனுப்பி வைத்தது. நான்தான் பழைய பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். மனிதர்கள் மேல் எனக்கு மரியாதை போனது அந்தத் தொட்டியடியில்தான்.

அக்காவின் கணவர், என் அத்தான், வாயால் பிழைக்கிறவர். நிலம், கைக்கடிகாரம், ராசிக்கல் என்று எதையாவது விற்றுக்கொண்டே இருப்பார். அக்காவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போனபோது, பதினைந்து நாள் மட்டும் பார்த்துக்கொள் என்று என் வீட்டில் கொண்டுவந்து விட்டார். நாலு வருடம் ஆயிற்று. நான் கல்யாணம் செய்துகொள்ளாதவன். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, மலம் துடைப்பது, படுக்கைப்புண்ணுக்கு மருந்து வைப்பது எல்லாம் நான்தான். அத்தான் வந்தால் வாசற்படியில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு, "நல்லாப் பாத்துக்கறே மச்சான், உனக்குப் புண்ணியம்" என்பார்.

அப்படி வந்த ஒரு நாள், என் தட்டில் கிடந்த ஒரு உருண்டையை எடுத்துப் பார்த்தார். பல் செய்கிற பீங்கான் மாவு மிச்சமானால் சும்மா உருட்டிச் சூளையில் வைப்பேன், கைப்பழக்கம். உள்ளங்கையில் அதை உருட்டிவிட்டு அத்தான் சொன்னார்: "மச்சான், இது பல்லு இல்லடா. முத்து."

"கடையில நிஜ முத்தே கிடைக்குதே அத்தான்."

"கடையில கிடைக்கறதுக்கு எவன்டா மயங்குவான்? பன்னித் தலையில விளைஞ்சதுன்னு சொல்லு. கையை நீட்டிக்கிட்டு வருவான்."

வந்தார்கள். பன்றி முத்து வைத்திருந்தால் வழக்கு ஜெயிக்கும், கீரி முத்து வைத்திருந்தால் பகையாளி படுத்துவிடுவான், இப்படி அத்தான் வாய்க்கு வந்ததெல்லாம் சாத்திரமாயிற்று. சிப்பி, நத்தை மாதிரி ஓடுள்ள பிராணிக்குத்தான் முத்து வரும், மேடம். பன்றிக்குக் கட்டி வரும், கல் வரும், முத்து வராது. பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டாலே சொல்லியிருக்கும். வந்தவர்கள் யாரும் கேட்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, எடுக்கிறதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார்கள். அத்தான் அறுத்த இறைச்சிக்குள் திணித்துக் காட்டினார். பார்த்தாலே திணித்தது தெரிந்தது. தொழில் சுத்தமில்லாத ஆள். அதனால் நான் இறங்கினேன். உயிருள்ள பன்றியின் காதுக்குப் பின்னால் தோலைக் கீறி உருண்டையை வைத்துத் தைத்து, மூன்று மாதம் காத்திருந்தேன். காயம் ஆறி மயிர் முளைத்துவிடும். உடம்பு தனக்குள் வந்த அந்நியப் பொருளைச் சுற்றி ஒரு மெல்லிய பை கட்டிக்கொள்ளும். அறுத்தால் பையோடு வெளியே வரும். அந்தப் பையைப் பார்த்தபின் யாருக்கும் சந்தேகம் வராது.

செத்ததிலிருந்து எடுத்தால் சக்தி இல்லை, உயிர்ச்சூட்டில் எடுக்க வேண்டும் என்பது அத்தான் சேர்த்தது. அது எனக்கும் சௌகரியமாக இருந்தது. மிருகம் கத்திக்கொண்டிருக்கும்போது வாங்குகிறவர் கேள்வி கேட்பதில்லை.

ஆலைக்காரர் என்று நாங்கள் கூப்பிடுகிற பெரிய மனிதர் அப்படித்தான் சேர்ந்தார். முதலில் என்னிடம் பல் செட்டுக்கு வந்தவர். இரண்டு பன்றி, ஒரு கீரி வாங்கினார். முத்தைப் பல்லில் தேய்த்தால் நறநறவென்று இருக்க வேண்டும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். பன்றி இன்னும் துடித்துக்கொண்டிருக்கும்போதே, ரத்தமும் கொழுப்புமாக அதை வாயில் வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "அசல்" என்றார். முத்தும் நான் செய்தது, பல்லும் நான் செய்தது. அன்று வீட்டுக்கு வந்து நான் சாப்பிடவில்லை.

பிறகு ஒருநாள் அவர் கேட்டார்: "மிருகத்துலயே இவ்வளவுன்னா, மனுஷன்ல விளைஞ்சா எப்படி இருக்கும்?"

இல்லை என்ற சொல் அத்தான் வாயில் வராது. "இருக்குங்க. லட்சத்துல ஒருத்தருக்கு. நோயில படுத்துப் பேச்சு நின்னுபோனவங்களுக்கு, சொல்லாத சொல்லெல்லாம் உள்ளயே உருண்டு திரண்டு முத்தாயிடும்" என்றார். அத்தான் அப்போது அக்காவை மனதில் வைத்துச் சொல்லவில்லை, மேடம். பக்கத்து அறையில் அவர் உங்களிடம் என்ன அழுதாலும், இதில் அவரை நம்புங்கள். அவர் அக்காவை நினைத்தே நாலு வருடம் ஆகியிருந்தது. நினைத்தது நான்.

பணத்துக்காக என்று எழுதாதீர்கள். நாலு வருடம் அவள் உடம்பிலிருந்து வந்ததையெல்லாம் துடைத்தவன் நான். சளி, சீழ், மூத்திரம். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அறைக்குள் போவேன். ஒரு தடவையாவது அந்த உடம்பிலிருந்து பார்க்க அழகாக ஒன்று வரட்டுமே என்று நினைத்தேன். அவளுக்கும் அது ஒரு கௌரவம்தான்.

உருண்டையை அவள் வலது தோளுக்குப் பின்னால் வைத்தேன். மரத்துப்போன பக்கம். இருந்தாலும் பல் டாக்டரிடம் வாங்கிய மரப்பு ஊசியும் போட்டேன். தையல் அவ்வளவு நேர்த்தி. மாதம் ஒருமுறை வருகிற நர்ஸ் தடவிப் பார்த்துவிட்டு, "கொழுப்புக் கட்டியா?" என்றாள். ஆமாம் என்றேன். அந்த மூன்று மாதம் நான் உள்ளே போனாலே அக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்கிற குணம் உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஆலைக்காரர் வந்தார். கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டேன். அன்றைக்கு மரப்பு ஊசி போடவில்லை. போட்டால் அவள் சும்மா கிடப்பாள், அவர் நம்ப மாட்டார். அக்காவுக்குப் பேச்சுதான் இல்லை. குரல் இருந்தது. மரத்த பக்கம் என்று நான் நினைத்ததும் அவ்வளவு சரியில்லை போலிருக்கிறது.

அத்தான் கொல்லைப்பக்கம் ஓடிப்போய் வாந்தி எடுத்தார். ஆலைக்காரர் அசையவில்லை. பையோடு வந்ததை வாங்கி, கைக்குட்டையில் பிதுக்கி எடுத்து, அக்கா பார்த்துக்கொண்டிருக்கும்போதே தன் பல்லில் தேய்த்தார். இப்படியும் ஒரு மனிதன் இருப்பானா என்று நினைத்தபடிதான் தையல் போட்டேன்.

மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டது. ஐந்தாம் நாள் காயத்திலிருந்து வந்த வாடை எது என்று எனக்குத் தெரியும். பன்றிகளிடம் பார்த்திருக்கிறேன். டாக்டரைக் கூப்பிட்டால் தோளைப் பார்ப்பார், தையலைக் கேட்பார். ஆகவே கூப்பிடவில்லை. ஏழாம் நாள் மத்தியானம் முடிந்துவிட்டது. கடைசிவரை ஒரு நாளைக்கு இரண்டு தடவை விரிப்பு மாற்றினேன். இறப்புச் சான்றிதழ் எழுத வந்த டாக்டர்தான் அவளைப் புரட்டிப் பார்த்துவிட்டு உங்களுக்குப் போன் செய்தார். அவரைக் கேளுங்கள், விரிப்பு எவ்வளவு சுத்தமாக இருந்தது என்று சொல்வார்.

உங்கள் பல் நிபுணர் கெட்டிக்காரர். ஆலைக்காரர் வீட்டில் எடுத்த உருண்டையின் பக்கத்தில் நிறப்பட்டையை வைத்துப் பார்த்தாராமே. பதினாறு மாதிரிப் பற்கள் கோத்த பட்டை அது. நோயாளியின் பல் எந்த நிறமோ அதே நிறத்தில் செயற்கைப் பல் செய்வதற்கு வைத்திருப்போம். மற்ற முத்துகளுக்கெல்லாம் வெள்ளையில் துளி நீலம் சேர்ப்பேன். அக்காவுக்கு உருட்டியது பட்டையில் ஆறாம் நிறம், லேசான மஞ்சள். அவள் வாயில் நான் கட்டிய நாலு முன்பல்லும் அதே ஆறாம் நிறம். நான் யோசித்து எடுக்கவில்லை. யார் உடம்புக்குள் போகிறதோ அவர் நிறத்தைத்தான் என் கை எடுக்கும். வேலை தெரியாதவன் செய்திருந்தால் அந்த உருண்டையையும் அக்காவையும் நீங்கள் சேர்த்துப் பார்த்திருக்கவே மாட்டீர்கள்.

அவளிடம் கேட்டாயா என்று காலையிலிருந்து மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். கேட்டேன், மேடம். கேட்காமல் அவள் மேல் கை வைக்கிறவன் இல்லை நான். அந்த ஞாயிற்றுக்கிழமை கத்தியை எடுப்பதற்கு முன்னால், அவள் முகத்துக்கு நேரே குனிந்து, "அக்கா, எடுக்கட்டுமா?" என்றேன். பேச்சு நின்றதிலிருந்து எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தால் சரி, இரண்டு தடவை என்றால் வேண்டாம். அன்றைக்கு அவள் நிறுத்தவே இல்லை. மூடி மூடித் திறந்துகொண்டே இருந்தாள். இருபது வரைக்கும் எண்ணினேன். கூடப் பிறந்தவள் இருபது தடவை சரி என்று சொன்ன பிறகு, நான் எப்படி மாட்டேன் என்பது.