அண்ணி போட்ட டீ

இல்லீங்க, நல்ல இடம்னு யாரோ சொன்னாங்கன்னு நான் வரல. அப்படிச் சொல்றவங்களுக்கு இங்கேர்ந்து ஏதாவது கிடைக்குமோன்னுதான் எனக்கு மொதல்ல தோணும். பஸ்ல போகும்போது இந்த ஸ்கேன் சென்டர் போர்டு கண்ணுல பட்டுது, நானே வந்து பேரு குடுத்தேன். எங்க வீட்டு ரத்தமே அப்படி. எங்கம்மா, தெனம் வாங்கற பாலைக்கூட மோந்து பாத்துட்டுத்தான் அடுப்புல வைப்பாங்க.

ஆமா, ஈரல் விஷயம்தான். எங்கண்ணனுக்கு வந்துதுங்க. லிஃப்ட் மெக்கானிக்கு அவரு. மொதல்ல உடம்பெல்லாம் அரிப்பு. ஸ்க்ரூடிரைவர் காம்பால முதுகச் சொறிஞ்சுக்கிட்டே வேலை பாப்பாரு. அப்புறம் கண்ணு மஞ்சளாச்சு. ரத்தம் எடுத்துப் பாத்தா ஈரல்ல அழற்சின்னு வந்துது. ஊர் வாய் சும்மா இருக்குமா? குடிக்கிறான்னுட்டாங்க. மேனேஜரு, பேசற சாக்குல கிட்ட வந்து வாய மோந்து பாப்பாராம். சத்தியமாச் சொல்றேன், சோடா குடிச்சாலே தும்முற ஆளுங்க அவரு.

குடி இல்லன்னு ஆனதும் அம்மா பார்வை அண்ணி பக்கம் திரும்பிச்சு. டாக்டர் வேற, பச்சிலை, பொடி ஏதாவது சாப்பிடறீங்களான்னு எல்லாரையும் கேக்கற கேள்விய கேட்டு வச்சாரு. போதாதா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எதையோ கலந்து குடுத்து இவன கைக்குள்ள போட்டுக்கப் பாக்கறான்னு அம்மா ஆரம்பிச்சாங்க. நானா? நானும் அம்மா பொண்ணுதானேங்க. அண்ணி இல்லாதப்ப டப்பா டப்பாவாத் தொறந்து பாத்தேன்.

ஒருநாள் அண்ணி, அண்ணனுக்கு டீ கொண்டாந்து வச்சாங்க. அம்மா அத எடுத்து அப்படியே தொட்டியில ஊத்திட்டாங்க. அண்ணி நேரா உள்ள போயி இன்னொரு டீ போட்டுட்டு வந்து, எங்க எல்லார் முன்னாலயும் பாதிய குடிச்சாங்க. மீதிய அண்ணன் கையில குடுத்துட்டு அம்மாவப் பாத்துக் கேட்டாங்க, நாளைக்கு நான் நல்லா இருந்தா என்ன பண்ணுவீங்க அத்தை?

நல்லாத்தான் இருந்தாங்க. அதுக்கும் அம்மாகிட்ட பதில் இருந்துது. மாத்து மருந்து முழுங்கியிருப்பாளாம். அன்னையிலேர்ந்து அண்ணிய அடுப்புப் பக்கம் விடல, எல்லாம் அம்மா சமையல்தான். மஞ்சள் எறங்கிச்சான்னு கேளுங்க. ஏறிச்சு.

வயித்துல ஜெல் தடவிப் பாக்கற ஸ்கேன் எடுத்தாங்க. கல்லு இல்ல, கட்டி இல்லன்னு வந்துது. கெட்டுது போங்க. மெஷினுக்கே புடிபடலன்னா விஷம்தான்னு அம்மா முடிவே கட்டிட்டாங்க. அப்புறந்தான் எம்ஆர்ஐ, குகை மாதிரி இருக்குமே, அதுக்குள்ள படுக்க வச்சாங்க. படத்த டாக்டர் கம்ப்யூட்டர்ல காட்டினப்ப நானும் அண்ணியும்தான் நின்னோம். ஈரலுக்குள்ள பித்தம் ஓடற குழாயெல்லாம் மரக்கிளை மாதிரி சீராப் பிரியணுமாம். அண்ணனுக்கு அங்கங்க சுருங்கி, அங்கங்க பொடைச்சு, கோத்த மணி மாதிரி இருந்துது. வெளியிலேர்ந்து யாரும் எதையும் போடலம்மா, இவரு உடம்பே இவரு குழாய எதிரின்னு நெனச்சு அடிக்குதுன்னாரு.

அண்ணி சிரிப்பாங்கன்னு பாத்தேன். அழுதாங்க. நான் பண்ணதா இருந்தா நிறுத்திடலாமே, இத எப்படி நிறுத்தறதுன்னு கேட்டாங்க.

அம்மாவா? அந்தப் படத்த எடுத்தவங்களே அவளுக்கு வேண்டியவங்கன்னாங்க.

அதுக்கப்புறம் சில வருஷம் மாத்திரையில ஓடிச்சு. இப்ப ஈரல் ஓஞ்சு போச்சு, வேற ஈரல் வைக்கணும்னுட்டாங்க. கூடப் பொறந்தவ நான் இருக்கேனே, என் ஈரல்ல ஒரு பங்கு எடுத்துக்கோங்கன்னு முன்னால போயி நின்னேன்.

யாரு, அண்ணனா? அவரு உள்ள இல்லீங்க, வீட்ல படுத்திருக்காரு. இன்னைக்குப் படம் எனக்குத்தான். ஈரல் குடுக்கறதுக்காக அந்த ஆஸ்பத்திரில சோதிச்சதுல எனக்கும் மணி மணியாத்தான் இருக்குதாம். இப்பத்தான் ஆரம்பமாம். கேட்டதும் நம்பிடுவேனா? அண்ணன் படத்த என் பேர்ல மாத்திட்டீங்கன்னு சண்டை போட்டேன். இன்னொரு இடத்துலயும் பாத்துக்கோங்கன்னு டாக்டரே சீட்டு எழுதிக் குடுத்துட்டாரு. எனக்கு எவ எதக் கலந்து குடுத்திருப்பா, சொல்லுங்க. தனியா இருக்கேன், தனியா பொங்கித் திங்கறேன்.

அண்ணனுக்கா? அண்ணி தன்னோடத எடுத்துக்கச் சொல்லி கைய நீட்டியிருக்காங்க. இவளுக்கு என்ன வந்துதுன்னு அம்மா அதுக்கும் ஏதோ கணக்குப் போடறாங்க. என் விஷயம் அம்மாவுக்குத் தெரியாது. அண்ணிகிட்ட மட்டுந்தான் சொன்னேன்.

என்னையா கூப்பிடறாங்க? கொஞ்சம் இருக்கச் சொல்லுங்க. உள்ள உலோகம் எதுவும் ஆகாதாம், கம்மலக் கழட்டணும். உங்ககிட்டயா? கோவிச்சுக்காதீங்கக்கா, முன்ன பின்ன பழக்கமில்ல. அண்ணி பஸ் ஏறிட்டாங்களாம். அவங்க கையில குடுத்துட்டுத்தான் போவேன்.