திருப்பி வைத்த கெண்டைச்சதை

நர்ஸ்: மணி நாலு பத்து. கட்டுப் பிரிக்கிறேன், அசையாதீங்கண்ணே.

அண்ணன்: நான் எங்க அசையறேன்? அதுதான் அசையுது.

தங்கை: எது?

நர்ஸ்: கிட்ட வாங்க. விபத்துல எலும்பு வெளிய தெரிஞ்சுதுல்ல, அந்த இடம். பின்னாடி இருந்த கெண்டைச்சதையை எடுத்து...

தங்கை: வெட்டியா?

நர்ஸ்: ஒரு முனையைத்தான். ரத்தக்குழாய், நரம்பு எல்லாம் அப்படியே. முன்பக்கம் திருப்பி எலும்பை மூடியிருக்காங்க. மேல தொடையிலருந்து எடுத்த தோல். சதைக்கு உயிர் இருக்கு.

அண்ணன்: கேட்டியா? ஆளு அரை உயிரு, சதை முழு உயிரு.

தங்கை: வாயை மூடு... ஐயோ, துள்ளுது!

நர்ஸ்: பயப்படாதீங்க. இன்னும் பின்னாடியே இருக்கறதா அதுக்கு நினைப்பு. இவர் பாதத்தை அழுத்த நினைச்சாலே துள்ளும்.

அண்ணன்: நான் ஒண்ணும் நினைக்கலயே.

தங்கை: நினைக்காமயா?

அண்ணன்: நீ உள்ள வந்தா துள்ளுது.

நர்ஸ்: நேத்தும் அப்படித்தான். இவங்க கேன்டீனுக்குப் போனாங்க, அடங்கிடுச்சு.

தங்கை: ரெண்டு பேரும் ஏன் என்னையே பாக்கறீங்க?

அண்ணன்: உன் அழகைத்தான். விடு... பிரேக்கை மிதிச்ச காலு. மறக்க மாட்டேங்குது.

நர்ஸ்: அஞ்சு மணிக்குப் போலீஸ் வருதாம், வாக்குமூலம் எழுத.

தங்கை: நம்ம வண்டியில அடிபட்ட அந்த சைக்கிள்காரர்...

நர்ஸ்: காலையில போயிட்டாருங்க.

தங்கை: செத்துட்டாரா?

நர்ஸ்: இந்தா, மறுபடியும். நிக்கவே மாட்டேங்குது பாருங்க.

தங்கை: அண்ணா... அப்போ ஓட்டினவங்களுக்கு ஜெயிலா?

அண்ணன்: எனக்குத்தானே? போயிட்டு வர்றேன். வண்டி ஓட்டினது நான். மிதிச்சது நான். பிரேக் பிடிக்கல. நீ பின்சீட்டுல தூங்கிட்டிருந்தே. அவ்வளவுதான்.

தங்கை: ஆமா... தூங்கிட்டிருந்தேன்.

அண்ணன்: சிஸ்டர், கட்டை இன்னும் இறுக்கிக் கட்டுங்க. போலீஸ் வரும்போது துள்ளக் கூடாது.

நர்ஸ்: இறுக்கினா ரத்தம் ஓடாது, சதை செத்துடும். அண்ணே, ஒண்ணு கேக்கலாமா?

அண்ணன்: கேளுங்க.

நர்ஸ்: ஆபரேஷன் முடிஞ்சு நான்தான் பக்கத்துல இருந்தேன். இடுப்புக்குக் கீழ உங்களுக்கு மரத்துக் கிடந்துச்சு. அப்பவும் இது துள்ளிச்சு. ஒவ்வொரு துள்ளலுக்கும் நீங்க கத்தினீங்க.

அண்ணன்: என்னன்னு?

நர்ஸ்: "மிதிடி, மிதிடி"ன்னு. வண்டியை நீங்க ஓட்டினீங்கன்னா... பிரேக்கை மிதிக்கச் சொன்னது யார்கிட்ட?