காருக்குள் ஒரு தலையணை

எண்பதுகளின் கடைசியில் ஒரு மத்தியானம், பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் அரைத் தூக்கத்தில் இருந்தேன். "காருக்குள்ள தலகாணி வெச்சிருக்கான்" என்று முன் சீட்டில் ஒருவர் சொன்னதும் விழித்துக்கொண்டேன். துபாயில் கார் ஓட்டுகிறவர், லீவில் வந்திருக்கிறார். பக்கத்தில் அவர் மனைவி.

"தலகாணி எதுக்குங்க?"

"மோதுனா ஸ்டீரிங்லேருந்து படீர்னு ஊதிக்கும். மூஞ்சி அதுல பொதைஞ்சதும் காத்து எறங்கிடும். இல்லாட்டி பந்து மாதிரி திருப்பி அடிச்சிரும்ல."

"அது மட்டும் போதுங்களா?"

"பெல்ட்டும் போட்டிருக்கணும். கார் நின்னாலும் நம்ம ஒடம்பு நிக்காது, அதே வேகத்துல முன்னால போவும். பெல்ட்டுதான் தோளயும் இடுப்பயும் புடிச்சு நிறுத்தும். எங்கூட வேல பாக்குற ஒருத்தன் அப்பிடித்தான் பொழச்சான். கண்ணத் தொறந்தா உள்ள பூரா வெள்ளப் பவுடர் மெதக்குதாம். ஒரு சத்தமும் கேக்கலியாம். மேகத்துக்குள்ள ஒக்காந்திருக்கற மாதிரி இருந்துச்சாம்."

ஜன்னலுக்கு வெளியே வெடித்த பருத்தி வெள்ளைவெளேரென்று பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"அந்த ஆளு வூட்டுக்கு எழுதினாருங்களா?"

"இல்ல. பயந்துடுவாங்கன்னு விட்டுட்டான்."

அந்த அம்மாள் அவர் பக்கம் திரும்பினார்.

"எண்ணெ தேச்சு விடுறப்ப அவரு பொண்டாட்டிக்குத் தெரிஞ்சிருக்கும். தோள்லேருந்து நெஞ்சுக்குக் குறுக்கால ஒரு தடம் இருக்குமில்ல?"

அவர் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"திரும்பிப் போனதும், அந்த ஆள மறக்காம பெல்ட் போட்டுக்கச் சொல்லுங்க."