இமைமுடி

சுவரில் கட்டம் போட்ட காகிதத்தை ஒட்டி லென்ஸ் சரிபார்ப்பவர்களை நான் குறை சொல்வதில்லை, சார். அவசரத்துக்கு அது போதும். ஆனால் திருப்பதியில் கல்யாணப் படம் எடுப்பவர்கள் என்னைத் தேடி வருவது அதற்காக அல்ல. போன மாசியில் சிரஞ்சீவி என்ற போட்டோகிராபர் தன் லென்ஸை என் மேசையில் வைத்து, “அண்ணா, பொண்ணு காது பளிச்சுனு கீது, கண்ணு மட்டும் பனி மூடுனாப்ல கீது. பொண்ணூட்டுக்காரங்க என்னை சும்மா வுடுவாங்களா?” என்றான். போகஸ் கண்ணில் விழாமல் கொஞ்சம் பின்னால் விழுகிறது. அவ்வளவுதான் கோளாறு. அதை மனித முகத்தில் வைத்துத்தான் தீர்க்க முடியும். இமைமுடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தால் லென்ஸ் சரி.

என் மனைவி தரணிக்கு நீளமான இமைமுடி. ஜன்னலோரம் நாற்காலி போட்டு அவளை உட்கார வைப்பேன். முதலில் அவளுக்கும் பிடித்திருந்தது. “கண்ணாலம் ஆனதுலேர்ந்து என் மூஞ்சிய நீ இப்டி பாத்ததே இல்ல. நல்லா பாத்துக்கோ” என்று சிரிப்பாள். சிரித்தால் முகம் அசையும். போகப்போக, “நான் இன்னா கல்லா? துணிக்கட பொம்மைய தூக்கியாந்து குந்த வெச்சுக்கோயா” என்றாள். பொம்மையையும் வைத்துப் பார்த்தேன். அதன் முடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. மனித உடம்பு உட்கார்ந்திருக்கும்போதும் ஆடிக்கொண்டுதான் இருக்கும், அது அவள் குற்றமல்ல. அவளை நான் ஒருநாளும் திட்டியதில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தூக்க மாத்திரை யோசனை அதனால்தான் வந்தது. தூங்குகிறவர்களுக்குச் சலிப்பு இல்லை. மூடிய இமையில் முடிகள் இன்னும் ஒழுங்காக நிற்கும். கழுத்து வலிக்கக் கூடாதே என்று நாற்காலியில் தலையணை கட்டினேன். மாத்திரையை மோரில் கரைத்துக் கொடுத்தேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் பயப்படுவாள், பயம் நெற்றியில் தெரியும்.

சித்திரையில் முகூர்த்தங்கள் கூடின. லென்ஸ்களும் கூடின, மாத்திரையும் கூடியது. தரணிக்கு நாக்கு குழறியது. ஒருநாள் குழாயடியில் விழுந்தாள். வடமாலபேட்டையிலிருந்து வந்த மாமியார் பொன்னியம்மா, “இன்னா மாப்ளே, பட்டப்பகல்ல தூங்கிக்கினே கீறா? ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போங்க, இல்லனா நானே இட்டுக்கினு போறேன்” என்றார். வெயில், என்றேன். வெயில் கொளுத்தத்தான் செய்தது, நான் பொய் சொல்லவில்லை. அந்த வாரத்து முகூர்த்தங்கள் முடிந்ததும் போகலாம் என்று அவரை ஊருக்கு அனுப்பிவைத்தேன்.

அவர் கிளம்பிய அன்று மதியம் அமைந்ததுபோல அசையாத முகம் எனக்கு அதுவரை அமைந்ததில்லை. உதட்டில் நீலம் ஏறியிருந்தது. நிறம் என் வேலை அல்ல, கூர்மைதான் என் வேலை. கூப்பிட்டேன். எழவில்லை. இன்னும் இரண்டு லென்ஸ் பாக்கி இருந்தது, விடிந்தால் இரண்டு வீட்டில் கல்யாணம். அவற்றையும் முடித்து, துடைத்து, உறையில் போட்டுவிட்டுத்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன்.

அந்தக் கடைசி இரண்டு லென்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு உயிர் இருந்தது, அப்போதே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்கிறார் டாக்டர். படித்தவர், அவரிடம் நான் வாதாடவில்லை. ஆனால் அப்போது எடுத்த படங்கள் என் கம்ப்யூட்டரில் இருக்கின்றன, சார். பெரிதாக்கிப் பாருங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தும் பார்த்துவிட்டேன், ஒரு முடிகூட நகரவில்லை. உயிர் இருந்திருந்தால் எனக்குத் தெரியாமல் போயிருக்குமா?